கால்நடைக்கும் நர்ஸ் உண்டு. அந்தப் படிப்பில் நமக்கு என்ன உண்டு?

கன்று ஈன்ற மறுநாள் காலையில் பசு எழுந்திருக்கவில்லை. கால்நடை டாக்டர் வந்து பார்க்கிறார். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றுகிறார். "எழுந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு டாக்டருக்குப் பல கிராமங்கள். ஆனால் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது என்பதை நம்மில் பலருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. டாக்டர் இருந்தது அரை மணி நேரம். மீதிப் பகலும் இரவும் மாடு நம் கையில்தான் இருக்கிறது.

மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் இந்த மீதி நேரத்துக்கு நர்ஸ் இருக்கிறார். பிரிட்டனில் கால்நடைகளுக்கும் நர்ஸ் இருக்கிறார். அந்த வேலைக்கென்றே பல்கலைக்கழகத்தில் மூன்று, நான்கு வருஷம் படித்துப் பட்டம் வாங்குகிறார்கள். அங்கே அப்படி என்னதான் படிக்கிறார்கள், இரண்டு மாடு கட்டியிருக்கும் சிறு விவசாயி அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது என்ன, நம் வீட்டுப் பிள்ளைகள் கால்நடைப் படிப்புக்குப் போக விரும்பினால் தமிழ்நாட்டில் உள்ள வழி என்ன என்பவற்றை இந்த வாரம் பார்ப்போம்.

'நர்ஸ்' என்று சொல்லக் கூடாத காலம்

பிரிட்டனில் கால்நடை டாக்டர்களைப் பதிவு செய்யும் அமைப்புக்கு ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் என்று பெயர். பெயரில் காலேஜ் இருந்தாலும் அது பாடம் நடத்துவதில்லை. யார் கால்நடை டாக்டர், அவர் ஒழுங்காகத் தொழில் செய்கிறாரா என்று கண்காணிப்பதே அதன் வேலை. டாக்டருக்குத் துணையாக நிற்பவர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு இந்த அமைப்பு ஒரு திட்டம் தொடங்கியது. அப்போது ஒரு சிக்கல் வந்தது. நர்ஸ் என்ற பெயர் மனிதர்களைப் பராமரிப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்று சட்டம் இருந்தது. ஆகவே இவர்களைப் 'பிராணிப் பராமரிப்புத் துணையாளர்' என்ற பொருளில் சுற்றி வளைத்த ஒரு பெயரால் அழைத்தார்கள். 1984-இல்தான் 'கால்நடை நர்ஸ்' என்ற பெயர் கிடைத்தது.

பெயர் கிடைத்த பிறகு அதிகாரமும் கிடைத்தது. 1991-இல் சட்டத்தைத் திருத்தி, டாக்டரின் உத்தரவின் பேரில் மருந்து கொடுக்கவும், சிறு அறுவை வேலைகள் செய்யவும் நர்ஸுக்கு அனுமதி கொடுத்தார்கள். வயிறு, மார்பு போன்ற உள்ளறைகளைத் திறக்கும் அறுவை அதில் சேராது. இன்ன நோய் என்று முடிவு செய்வதும், இன்ன மருந்து என்று எழுதுவதும் டாக்டரின் வேலையாகவே இருக்கின்றன. இந்த வரம்பு முக்கியமானது. நம் நாட்டுச் சட்டத்திலும் இதே போன்ற கோடு ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

லண்டனில் 1791-இல் தொடங்கிய ராயல் வெட்டரினரி காலேஜ், பிரிஸ்டல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டம் வேண்டாம் என்றால் டிப்ளமோ வழியாகவும் நர்ஸ் ஆகலாம். இரண்டு வழியில் வந்தவர்களும் ஒரே பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்கிறார்கள்.

முதலில் உடலமைப்பு, உறுப்புகள் வேலை செய்யும் விதம், தீவனம், மிருகத்தைப் பயமுறுத்தாமல் பிடித்து நிறுத்தும் முறை, சுத்தம் ஆகிய பாடங்கள். பிறகு மருந்தின் அளவைக் கணக்கிடுதல், ரத்தம், சாணம், சிறுநீர் பரிசோதனை, எக்ஸ்ரே, மயக்க மருந்து கொடுத்த மிருகத்தின் மூச்சையும் நாடியையும் விடாமல் கவனித்தல், அறுவைக்குப் பின் பராமரித்தல் என்று போகிறது. புத்தகப் படிப்போடு 1800 மணி நேரம் கால்நடை ஆஸ்பத்திரியில் கைவேலையும் செய்தாக வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் 225 நாள். பரீட்சையும் எழுத்தோடு முடிவதில்லை. மேசை மேசையாக நகர்ந்து, இங்கே கட்டுப் போடு, அங்கே மருந்தை அளந்து எடு என்று பரீட்சகர் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

இந்த நர்ஸ்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: அவர்களில் மிகப் பலர் பார்ப்பது நாயும் பூனையும்தான். குதிரைக்கென்று தனிப் பயிற்சி பெறுபவர்களும் உண்டு. பால் மாட்டுத் தொழுவத்தில் நர்ஸ் நிற்பது அங்கேயும் அபூர்வம். அங்கேயும் பண்ணைக்காரர் வீட்டினரே அந்த வேலையைச் செய்கிறார்கள். ஆகவே, 'சீமையில் மாட்டுக்கு மாடு நர்ஸ் இருக்கிறாள், நமக்குத்தான் இல்லை' என்று ஏங்க வேண்டியதில்லை. அந்தப் படிப்பின் சாரம் எதுவோ அதை எடுத்துக்கொண்டால் போதும். அந்தச் சாரம் மூன்று வேலைகள்தாம்: அளந்து பார்ப்பது, எழுதி வைப்பது, நேரம் தவறாமல் செய்வது.

ஒரு தெர்மாமீட்டர்

நம் தொழுவத்தில் அரிவாள் இருக்கிறது, கயிறு இருக்கிறது. தெர்மாமீட்டர் இருக்கும் வீடு எத்தனை? மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்து, "சுடுகிறது, காய்ச்சல்" என்று சொல்லிவிடுகிறோம். மருந்துக் கடையில் சாதாரணமாக விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். மாட்டைப் பிடித்துக் கட்டி, பக்கவாட்டில் நின்று, வாலைத் தூக்கி, சிறிது எண்ணெய் தடவி ஆசனவாயில் நுழைத்து, உள்சுவரில் ஒட்டியபடி பிடிக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு தவறாகக் காட்டும். உள்ளே நழுவிவிடாமல் பின்பக்கம் ஒரு நூல் கட்டி வைப்பது நல்லது. வீட்டு மனிதர்களுக்கு அதே தெர்மாமீட்டர் வேண்டாம்.

பசுவுக்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. எருமைக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வெள்ளாட்டுக்கு 103 வரை இருந்தாலும் பயமில்லை. வெயிலில் நின்ற மாட்டுக்கும், நடந்து வந்த மாட்டுக்கும் சூடு கூடுதலாகக் காட்டும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். நோய் வந்த பிறகு பார்ப்பதைவிட, நன்றாக இருக்கும்போது நாலைந்து நாள் பார்த்து நம் மாட்டின் வழக்கமான அளவைத் தெரிந்து வைப்பது புத்திசாலித்தனம்.

நாடியை வாலின் அடிப்பக்கத்தில், முடியில்லாத இடத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 50 முதல் 80 வரை துடிக்கும். மூச்சை விலாவின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ணலாம்; நிழலில் ஓய்வாக நிற்கும் மாட்டுக்கு 15 முதல் 30. இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால், பெருவயிறு உருண்டு வந்து கையைத் தள்ளும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவையாவது தள்ள வேண்டும். தள்ளவே இல்லை, அசையும் போடவில்லை என்றால் மாட்டுக்கு வயிறு ஓடவில்லை என்று அர்த்தம்.

இந்த நாலு எண்ணையும் டாக்டருக்குப் போனில் சொல்லிப் பாருங்கள். "மாடு சுணங்கிப் படுத்திருக்கிறது" என்று சொல்வதற்கும், "சூடு 99, காது சில்லென்று இருக்கிறது, நேற்று ராத்திரி கன்று போட்டது, அசை இல்லை" என்று சொல்வதற்கும் வித்தியாசம் பெரிது. இரண்டாவதைக் கேட்ட டாக்டர் கையில் கால்சியம் பாட்டிலோடு கிளம்புவார்.

பெயரில் காய்ச்சல், உடம்பில் இல்லை

மேலே சொன்ன எண்கள் பால் காய்ச்சலின் எண்கள். இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் நம்மையெல்லாம் குழப்பிவிட்டார். இதில் காய்ச்சலே கிடையாது. உடம்பு சூடு இயல்புக்குக் கீழே இறங்கும். அதிகம் கறக்கும் பசு, மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்ட பசு, கன்று ஈன்ற மூன்று நாளைக்குள் படுத்துவிட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைவதே காரணம். சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து இறங்கிப் போகும் வேகத்துக்கு எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் ஈடு கட்ட முடியாமல் போகிறது. கழுத்தை மடக்கித் தலையை விலாப் பக்கம் சாய்த்துப் படுக்கும். பெயரை நம்பிக் காய்ச்சல் ஊசி போட்டு ஒரு இரவைக் கழித்துவிட்டு மாட்டை இழந்தவர்கள் உண்டு.

கால்சியத்தை நரம்பில் ஏற்றுவது டாக்டரின் வேலை. இருதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து அது. அவசரமாக ஏற்றினால் இருதயம் நின்றுவிடும். ஊரில் ஊசி போடத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், கூப்பிட்டவுடன் வருவார். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கூப்பிடக் கூடாது.

டாக்டர் வரும் வரையிலும், வந்து போன பிறகும் செய்ய வேண்டிய பணிவிடை நம்முடையது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மாட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் படுக்க விடக் கூடாது. அப்படிப் படுத்தால் வயிறு உப்பும். வயிற்றில் உள்ளது தொண்டைக்கு வந்து நுரையீரலில் இறங்கும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்து, இரு பக்கமும் வைக்கோல் திணித்த சாக்குகளை அண்டை கொடுக்க வேண்டும். தலை உடம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது.

சிமெண்டுத் தரையில் விடவே கூடாது. ஒரு மாட்டின் எடை முழுவதும் ஒரு பின்னங்காலின் மேல் சில மணி நேரம் அழுத்தினாலே அந்தச் சதையும் நரம்பும் கெட்டுவிடுகின்றன. பிறகு கால்சியம் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் மாடு எழாது. நோய் தீர்ந்தும் மாடு படுத்த படுக்கையாகவே போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். முக்கால் அடி, ஒரு அடிக்கு மணலைக் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி அதில் மாற்ற வேண்டும். இழுக்கும்போது கழுத்தையும் வாலையும் பிடித்து இழுக்காமல், தார்ப்பாய் ஒன்றில் புரட்டிப் போட்டு நாலு பேர் சேர்ந்து பாயை இழுக்க வேண்டும்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறு பக்கம் திருப்ப வேண்டும். இரவிலும் அப்படித்தான். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பும்போதெல்லாம் கால்களை நீவிவிட வேண்டும். நர்ஸ் படிப்பில் நேரம் தவறாமை என்று சொல்வது இதைத்தான். டாக்டரின் ஊசி பலிப்பதும் பலிக்காமல் போவதும் பல சமயம் இந்த இரவு விழிப்பைப் பொறுத்திருக்கிறது.

படுத்திருக்கும் மாட்டுக்கு, அதுவும் காது சில்லிட்டு மயங்கிக் கிடக்கும் மாட்டுக்கு, மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ கஞ்சியும் கஷாயமும் ஊற்றுவது நம் வழக்கம். பாசத்தால் செய்வது. ஆனால் அந்த நிலையில் மாட்டுக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். மூன்றாம் நாள் சளிக் காய்ச்சல் கண்டு மாடு இறந்தால், பழி மட்டும் டாக்டரின் ஊசிமேல் விழும். தானாக வாய் வைத்துக் குடித்தால் கொடுங்கள், ஊற்றாதீர்கள். எழுந்து நிற்கும் மாட்டுக்கு மருந்து ஊற்றும்போதுகூடத் தலையை அண்ணாந்து தூக்காமல், நாக்கைப் பிடித்து இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும்.

மருந்தின் அளவு

நர்ஸ் மாணவிகளைப் பரீட்சையில் திணற வைப்பது மருந்துக் கணக்குத்தான் என்பார்கள். கிலோ எடைக்கு இத்தனை என்றுதான் மருந்து. நம் மாட்டின் எடை நமக்குத் தெரியாது. குடற்புழு மருந்தைக் கண்ணளவில் குறைத்துக் கொடுத்துவிட்டு, "மருந்தே சரியில்லை" என்கிறோம். தையல்காரர் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்கத்து இருப்பெலும்பு முனை வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் எடை ராத்தலில் வரும். அதை 2.2-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 64 அங்குலம், நீளம் 56 அங்குலம் உள்ள பசு சுமார் 347 கிலோ. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுத் தரும்.

நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை டாக்டர் மூன்று நாள் என்றால் மூன்று நாளும் போட வேண்டும். மாடு தேறிவிட்டது என்று இரண்டாம் நாளோடு நிறுத்துவது பிற்பாடு நமக்கே வினையாகும். எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் நம் கையைக் காப்பது

படிப்பின் முதல் பாடங்களில் ஒன்று, நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. நோய் கண்ட மாட்டைக் கடைசியில் பார்க்க வேண்டும். கன்று முதலில், நல்ல மாடு அடுத்து, நோய் மாடு பிறகு. மடிநோய் உள்ள மாட்டைக் கடைசியில் கறந்து, அந்தப் பாலைத் தரையில் பீச்சாமல் பாத்திரத்தில் வாங்கிக் கொட்டிப் புதைக்க வேண்டும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுக்கக் கூடாது. கன்றுவீச்சு நோய்க் கிருமி அதன் வழியாக மனிதருக்கும் வந்து, மாதக் கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் கொடுக்கும். கையுறை இல்லாவிட்டால் முழங்கை வரை பாலிதீன் பையாவது கட்டிக்கொண்டு, எடுத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். எச்சில் வடிய, குரல் மாறிக் கத்தும் மாட்டின் வாயில் 'தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது' என்று கையை விடுபவர்கள் இருக்கிறார்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். டாக்டர் பார்க்கும் வரை வாயில் கை வைக்காதீர்கள்.

பிள்ளைகளைப் படிக்க வைக்க

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேரும் பிள்ளை படிப்பது நர்ஸ் படிப்பல்ல, டாக்டர் படிப்பு. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்குப் போன சென்னைக் கல்லூரிதான் மூத்தது. 1985-இல் நாமக்கல், 2012-இல் திருநெல்வேலியும் ஒரத்தநாடும், பிறகு தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் வந்தன. இவை 1989-இல் ஏற்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. படிப்பு ஐந்தரை வருஷம். நாலரை வருஷம் பாடம், ஒரு வருஷம் ஆஸ்பத்திரியிலும் பண்ணையிலும் பயிற்சி.

ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். மாநில இடங்களுக்கு ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தேர்வு. நீட் மார்க் கேட்பது அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத இடம் தனியே உண்டு. இது தெரியாமல், 'நீட் எழுதவில்லையே' என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடும் கிராமத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மாடு கன்றோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் படிப்பில் ஒரு முன்தூக்கு உண்டு. மாட்டின் அருகில் போகவே தயங்கும் பட்டணத்துப் பிள்ளைக்கு முதல் வருஷம் கஷ்டம்தான்.

டாக்டருக்குக் கீழே உள்ள வேலைகளைப் பற்றி இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984 தெளிவாகச் சொல்கிறது. பதிவு பெற்ற டாக்டரே வைத்தியம் செய்யலாம். முறையான டிப்ளமோ அல்லது சான்றிதழ் பயிற்சி பெற்றவர்களை, டாக்டரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற முதலுதவிகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். முன்னே சொன்ன கோடு இதுதான். கால்நடைத் துறையில் உள்ள ஆய்வாளர்களும் உதவியாளர்களும் நம் ஊரில் நர்ஸுக்கு ஈடானவர்கள். ஆறு மாதத்தில் மாட்டு டாக்டர் ஆக்குகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அந்தச் சான்றிதழுக்கு இந்தச் சட்டத்தில் இடம் உண்டா என்று பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். மகளிர் குழுப் பெண்களைக் கால்நடைப் பராமரிப்பில் பழக்கி, டாக்டருக்கும் விவசாயிக்கும் நடுவே நிற்க வைக்கும் 'ஏ-ஹெல்ப்' என்ற மத்திய அரசுத் திட்டம் 2022-இல் தொடங்கியது. நர்ஸ் வேலைக்கு நம் நாட்டில் நெருங்கி வருவது அதுதான் என்று தோன்றுகிறது.

கல்லூரிக்குப் போகும் வயதைத் தாண்டியவர்களுக்கு, மேற்படி பல்கலைக்கழகம் பல மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் வைத்திருக்கிறது. கறவை மாடு, ஆடு, கோழி வளர்ப்புக்கு அங்கே குறுகிய காலப் பயிற்சி தருகிறார்கள். போகும்போது மாட்டைக் கவனிக்கும் வீட்டுப் பெண்ணையே அனுப்புங்கள். ஆண்பிள்ளை போய்க் கேட்டு வந்து சொல்வதில் பாதி வழியிலேயே போய்விடும். நடக்க முடியாமல் படுத்துவிட்ட மாட்டுக்குக் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிட 1962 என்ற எண். கட்டணமில்லாத அழைப்பு. கூப்பிடும் முன் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, அந்த எண்ணையும் மாடு கன்று போட்ட நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.